ஐந்து பேருக்கு மட்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமூக ஊடகமும் சமூகமும் என்று ஒரு பெரிய தலைப்பைக் கொடுத்து, அதற்குள் எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். இவ்வளவு அகலமான தலைப்பு கிடைத்தால் பேச வருகிறவர் இளைஞர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்பார். இல்லையென்றால் ஊமைக்கும் குரல் கிடைத்துவிட்டது என்பார். இரண்டையும் நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். நான் பெரும்பாலும் ஒரே ஒரு பொத்தானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்ய நாம் தொடுகிற அந்தச் சின்ன அம்புக்குறி.

ஒரு தளத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் அதன் விதிமுறைகளுக்குப் பெரிய பங்கில்லை. அவற்றை யாரும் படிப்பதில்லை. 'ஏற்கிறேன்' என்பதைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறோம். எந்தச் செயலுக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது, செய்த பிறகு அது யார் கண்ணில் படுகிறது என்ற இரண்டும்தான் நம்மை அங்கே நடத்துகின்றன. அந்த இரண்டையும் வரைகிறவர் ஒரு வடிவமைப்பாளர். அவர் பெயர் நமக்குத் தெரியாது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த அஞ்சலட்டை நினைவிருக்கும். அதில் இப்படி எழுதியிருக்கும்: ஏதோ ஒரு கோயிலில் பாம்பு வந்து அர்ச்சகரிடம் பேசியது. இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் பத்து நாளில் நல்ல சேதி வரும். கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார். இன்றைய வதந்திக்கு வேண்டிய சரக்கு எல்லாமே அதில் இருந்தது: அதிசயம், ஆசை, மிரட்டல், உடனே அனுப்பு என்ற கட்டளை. ஆனாலும் அந்த அட்டையை நம்பி ஓர் ஊர் திரண்டு யாரையும் அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்குக் கார்டு பதினைந்து பைசாதான் என்றாலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும். மூன்றாவது கார்டில் கை வலிக்கும். நாலாவதில், பாம்பு எந்த மொழியில் பேசியிருக்கும் என்றொரு சந்தேகம் வரும். மிச்சக் கார்டுகளில் மளிகைக் கணக்கு எழுதுவார்கள்.

அந்தக் கைவலியை முதலில் போக்கியது குறுஞ்செய்தி. 2012 ஆகஸ்டில் என்ன நடந்தது என்பதை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். அசாமின் கோக்ராஜார் பகுதியில் கலவரம் நடந்திருந்தது. ரம்ஜானுக்குப் பிறகு வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில் விட வேண்டி வந்தது. சென்னையிலிருந்தும் புனேயிலிருந்தும் கிளம்பினார்கள். ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு 15 நாளைக்கு மொத்தக் குறுஞ்செய்திகளுக்குத் தடை போட்டது: ஐந்துக்கு மேல் அனுப்ப முடியாது. இந்த ஐந்து என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் கழித்து, யாருமே திட்டமிடாமல், அதே எண் திரும்பி வரும்.

2018 மே மாதம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூருக்குக் காரில் போனது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊரார் சூழ்ந்துகொண்டு அடித்ததில் அந்தக் குடும்பத்து மூதாட்டி இறந்துபோனார். அதே வாரம் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். வடக்கிலிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, குழந்தைகள் பத்திரம் என்ற குரல் பதிவுகளும் படங்களும் அதற்கு முந்தைய வாரங்களில் வட தமிழ்நாட்டு குரூப்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வருடம் இந்தியாவின் பல பகுதிகளில் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தையைத் தொலைக்க ஒரு கணம் போதும் என்று அட்டையைத் தூக்கிக் காட்டும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்ற கிராமத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் தில்லி வாட்ஸ்ஆப் நிறுவனத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது.

இங்கே நிறுவனத்துக்கு ஒரு விசித்திரமான நெருக்கடி. 2016 ஏப்ரலிலிருந்து எல்லாச் செய்திகளையும் முனைக்கு முனை மறையாக்கம் செய்திருந்தார்கள். அனுப்பியவர் கைப்பேசியிலும் பெற்றவர் கைப்பேசியிலும் தவிர வேறெங்கும் செய்தியைப் படிக்க முடியாது. ஃபேஸ்புக்கைப் போல ஆள் வைத்து, பொய்யைத் தேடி நீக்க வழியே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே அது பரவுவதைக் குறைக்க வேண்டும். அதாவது உள்ளடக்கத்தில் கை வைக்காமல் வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டும். வடிவம் நடத்தையை மாற்றுமா என்று சோதிக்க இதைவிடத் துப்புரவான சோதனைக்கூடத்தை ஓர் ஆய்வாளர் கேட்டு வாங்க முடியாது. கொடுத்த விலையைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 10 அன்று 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற சிறு சாய்வெழுத்து வந்தது. இருபது நாளுக்குள், இந்தியாவில் மட்டும், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். மற்ற நாடுகளுக்கு இருபது. படத்துக்கும் வீடியோவுக்கும் பக்கத்தில் நின்றிருந்த விரைவு அம்பையும் எடுத்துவிட்டார்கள். 2019 ஜனவரியில் ஐந்து என்ற எல்லை உலகம் முழுவதற்கும் வந்தது. அதற்கு முன்பு இருந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 250 உரையாடல்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். எல்லாமே நிறைந்த குரூப்கள் என்றால், ஒருவர் ஒரு முறை கட்டைவிரலை வைத்தால் 64,000 பேர். ஐந்து என்று ஆன பிறகு 1,280. மாநாட்டு மைதானம் ஒரே நாளில் கல்யாண மண்டபமாகச் சுருங்கியது.

அந்தச் சாய்வெழுத்தை ஐந்தைவிட முக்கியமானதாக நினைக்கிறேன். அதற்கு முன்பு பெரியப்பா அனுப்பிய செய்தி பெரியப்பாவின் சொல்லாகத்தான் வந்து விழுந்தது. வேப்பிலைச் சாறு சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்றால், அதைச் சொல்வது தாசில்தார் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். அந்த மரியாதை முழுவதையும் செய்தி உடுத்திக்கொண்டு வந்தது. சாய்வெழுத்து வந்ததும் மரியாதை கழன்றுவிட்டது: இது பெரியப்பா எழுதியதல்ல, எங்கிருந்தோ வந்தது. நம் குடும்ப குரூப்களில் பெரியவர்களை மறுத்துப் பேசுவது லேசான காரியமல்ல. 'நீங்கள் சொன்னது தப்பு' என்று சொல்ல முடியாத மருமகளால் 'இந்த ஃபார்வர்டு தப்பாம் மாமா' என்று சொல்ல முடிந்தது.

பலன் என்ன? ஐந்து என்ற எல்லை உலகெங்கும் வந்தபின் ஃபார்வர்டுகள் மொத்தத்தில் 25 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. 2020 ஏப்ரலில், கொரோனாக் கஷாயங்கள் பொங்கிக்கொண்டிருந்தபோது, ஏற்கெனவே பல கை மாறி இரட்டை அம்புக்குறி பெற்ற செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்றார்கள். இந்தியா, பிரேசில், இந்தோனேசியா நாடுகளின் பொது குரூப்களை எடுத்து ஆராய்ந்த பிரேசில் கணினி அறிவியலாளர்களின் முடிவு இவ்வளவு உற்சாகமாக இல்லை: எல்லை பரவலைத் தாமதப்படுத்துகிறது, வேகமாக ஓடும் செய்தியை முழுக்க நிறுத்துவதில்லை. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. வதந்தியைப் பொறுத்தவரை தாமதம் பெரிய விஷயம். ஒரு காவல் ஆய்வாளர் ஊருக்குள் போய் மைக்கில் பேசுவதற்கு அரை நாள் கிடைத்தால், அது உயிர் பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையில் உள்ள அரை நாள்.

மக்களும் சும்மா இருக்கவில்லை. நகலெடுத்து ஒட்டினால் சாய்வெழுத்து வராது என்று கண்டுபிடித்தார்கள். 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்று மேலே ஒரு வரி போட்டுத் தங்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஆனால் இந்தக் குறுக்கு வழிகள் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மெனக்கெட்டுப் பொய் பரப்புகிறவர்கள் எந்தக் காலத்திலும் சிலர்தான். மெனக்கெடாமல் பரப்புகிறவர்கள் நாம் எல்லாரும்.

தடை வைத்தால் மனிதன் உடனே யோசிப்பான் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ட்விட்டரில் இதற்கு எதிர்ச்சாட்சி இருக்கிறது. அங்கே ஆரம்பத்தில் பிறர் எழுதியதைப் பகிர வேண்டுமென்றால் நகலெடுத்து, முன்னால் ஆர்டி என்று தட்டி, அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். 2009இல் அதை ஒரே தொடுகையாக்கும் பொத்தானைக் கட்டிய குழுவை நடத்தியவர் கிறிஸ் வெதரெல். பத்து வருடம் கழித்து ஒரு பேட்டியில், குண்டு நிரப்பிய ஆயுதத்தை நாலு வயதுக் குழந்தை கையில் கொடுத்துவிட்டோமோ என்று தனக்குத் தோன்றியதாகச் சொன்னார். 2020 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் அந்த நிறுவனம் ரீட்வீட் பொத்தானை அழுத்தினால் முதலில் எழுதும் பெட்டி திறக்கும்படி மாற்றியது. உங்கள் கருத்தைச் சேர்த்துப் பகிருங்கள் என்பது எண்ணம். பகிர்வு 20 சதவீதம் குறைந்தது. ஆனால் சேர்த்து எழுதப்பட்டவற்றில் 45 சதவீதம் ஒற்றைச் சொல்! எழுபது சதவீதம் 25 எழுத்துக்கும் குறைவு. டிசம்பரில் பழைய பொத்தானே திரும்பி வந்தது. பெட்டி கொடுத்தால் எழுதிவிடுவார்கள் என்று நினைத்தவர் பரீட்சைத் தாள் திருத்தியவராக இருக்க முடியாது. வேகத்தைக் குறைப்பது வடிவமைப்பால் முடிகிறது. சிந்திக்க வைப்பது அவ்வளவாக முடிவதில்லை.

மெனக்கெடலைப் பற்றிச் சொன்னேன். அடுத்தது கண்ணில் படுவது: எண்ணிக்கை.

2006இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் செய்தது. யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் 14,000க்கும் மேல். கேட்கலாம், மதிப்பெண் போடலாம், வேண்டுமென்றால் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதியினருக்குப் பாட்டுகள் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண்ணைக் காட்டிய உலகங்களில் வெற்றிபெற்ற பாட்டு மேலும் பெரிய வெற்றி பெற்றது, தோற்றது மேலும் தோற்றது. அதோடு, எந்தப் பாட்டு வெல்லும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாட்டு பொதுவாக அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானது முதலிடத்துக்கு வரவில்லை. இடையில் உள்ள எல்லாமே முதலில் வந்தவர்களின் தற்செயலான விரலைப் பொறுத்தது. பாட்டு மாறவில்லை, காது மாறவில்லை. பக்கத்தில் ஓர் எண்.

ஃபேஸ்புக் 2009இல் லைக் பொத்தானை வைத்தபோது அந்த எண் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 2016இல் சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் எல்லாம் சேர்ந்தன. அப்போது பயனருக்குத் தெரியாத ஒன்று பின்னால் நடந்தது. 2017 முதல், எதை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கில் இந்தப் புதிய முகக்குறி ஒவ்வொன்றுக்கும் லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு. ஒருவரைக் கோபப்படுத்தினால் லைக் வாங்கியதைவிட ஐந்து மடங்கு பலன்! கோபத்தின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2020 செப்டம்பரில் பூஜ்யமாக்கினார்கள். நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த உள்சுற்று ஆவணங்களால் 2021இல்தான் இது நமக்குத் தெரியவந்தது. அதே ஆவணங்களில் போலந்துக் கட்சி ஒன்றைப் பற்றிய குறிப்பும் உண்டு. 2018இல் கணக்குமுறை மாற்றப்பட்ட பிறகு, பாதிக்குப் பாதியாக இருந்த தங்கள் எதிர்மறைப் பதிவுகள் 80 சதவீதமாகிவிட்டன என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கட்சிக்காரர்கள் திடீரென்று கெட்டவர்களாகவில்லை. கடைத்தெருவில் எது விலை போகிறதோ அதைக் கொண்டுவந்தார்கள்.

கலிஃபோர்னியாக்காரர்கள் செய்த சூழ்ச்சி என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். தமிழில் வலைப்பதிவு செழித்திருந்த காலம் உங்களில் சிலருக்குத் தெரியும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டிதான் அன்றைக்கு முச்சந்தி. லாபம் பார்க்கிற நிறுவனம் அல்ல. மொழி மீது பற்றுள்ளவர்கள் கைக்காசு போட்டு நடத்தியது. அதன் முகப்பில், அண்மையில் மறுமொழி வந்த இடுகைகள் என்று ஒரு பட்டியல். நல்லெண்ணத்தில் வைத்ததுதான்: எங்கே பேச்சு நடக்கிறதோ அங்கே வாசகர் போகட்டும். நடந்தது என்ன? புதிய மறுமொழி வந்தால் இடுகை மேலே வரும் என்றானதும், எழுதியவரே தன் இடுகைக்குக் கீழே 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட ஆரம்பித்தார். சிலர் வேறு பெயரில் வந்து தன்னோடு தானே சண்டை போட்டார்கள். பதிவர்களே இதற்குப் 'பின்னூட்டக் கயமை' என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். குறளைப் படித்து வளர்ந்த சமூகம், குற்றத்துக்குக்கூட அதிகாரத் தலைப்பு வைத்துவிட்டது. சிரித்தவர்களும் செய்தார்கள். நிரலாளர் ஒருவர் போட்ட வரிசைமுறை ஒன்று, தமிழில் எழுதத் தெரிந்த சில நூறு பேரின் பண்பாட்டையே கொஞ்சம் வளைத்தது.

எதிர்த்திசையிலும் வளைக்கலாம். நிரல் எழுதுகிற மாணவர்கள் எல்லாரும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு பதிலைப் பிடிக்கவில்லை என்று கீழ்வாக்குப் போட்டால், பதில் எழுதியவருக்கு இரண்டு புள்ளி போகும். போட்டவருக்கும் ஒரு புள்ளி போகும். கீழ்வாக்குப் போடும் உரிமைக்கே 125 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். வெறுப்பதற்குச் சொந்தப் பையிலிருந்து காசு எடுத்து வைக்கச் சொன்ன தளத்தை நான் வேறு பார்த்ததில்லை. அதனால் அங்கே எல்லாரும் இனிமையாகப் பேசுகிறார்கள் என்று சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். புதிதாகக் கேள்வி கேட்டவரை விரட்டுவதில் அந்த இடம் பெயர் பெற்றது. கேள்விக்குப் போடும் கீழ்வாக்கு இலவசம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோபம் எங்கே காசில்லாமல் கிடைத்ததோ அங்கே போய்ச் சேர்ந்தது.

கடைசியாக, இதையெல்லாம் யார் முடிவு செய்ய வேண்டும் என்ற கேள்வி.

நம் அரசு 2021இல் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய செய்திச் செயலிகளிடம் ஒன்றைக் கேட்கின்றன: நீதிமன்றமோ உரிய அதிகாரியோ உத்தரவிட்டால், ஒரு செய்தியை இந்தியாவில் முதன்முதலில் அனுப்பியவர் யார் என்று காட்ட வேண்டும். மறையாக்கத்தை உடைக்காமல் அது முடியாது என்று வாட்ஸ்ஆப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனியுரிமை பற்றிய வாதத்தில் நான் நிறுவனத்தின் பக்கம்தான். ஆனால் இரண்டு தரப்புமே முதல் ஆளைப் பற்றித்தான் சண்டை போடுகின்றன. அத்திமூரில் கூடிய கூட்டத்துக்கு முதல் ஆள் தேவைப்படவில்லை. ஆயிரமாவது ஆள் போதுமாயிருந்தார்; அவர் தெரிந்த மனிதர், நல்ல மனிதர், பிள்ளை பெற்றவர், பயத்தில் அனுப்பியவர். அவரைப் பிடிக்க எந்தச் சட்டமும் வேண்டாம். அவர் விரலுக்கும் அம்புக்குறிக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதுதான் விசாரிக்கப்பட வேண்டியது.

அதை விசாரிக்க நம்மிடம் கருவி இல்லை. 25 சதவீதம், 70 சதவீதம் என்று நான் சொன்னவை நிறுவனம் தானே அளந்து தானே அறிவித்தவை. வெளியாள் யாரும் அந்த அளவுகோலைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதற்கிடையில் 2022இல் குரூப் எல்லை 256 இலிருந்து 512, பிறகு 1,024 ஆனது. 2023இல் சேனல்கள் வந்தன; ஒருவர் பேச, எத்தனை லட்சம் பேரும் கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது. அம்புக்குறியைச் சுருக்கிய அதே கை பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொடுத்தது. இரண்டும் சேர்ந்து கிராமத்து குரூப்களை என்ன செய்தன என்று இந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் ஒருவர் ஆராய விரும்பினால், அவர் செய்யக்கூடியது குரூப்பில் ஆளாகச் சேர்ந்து எட்டிப் பார்ப்பதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவு, மிகப் பெரிய தளங்கள் தங்கள் தரவைத் தகுதிபெற்ற ஆய்வாளர்களுக்குத் திறந்துகாட்ட வேண்டும் என்கிறது. நம்முடைய 2021 விதிகளில் அப்படி ஒன்று இல்லை. முதல் ஆளைக் கேட்ட விதியில், அம்புக்குறியை மாற்றும்போது அதன் விளைவை வெளியிடு என்று இன்னொரு வரி சேர்ப்பதற்கு யாருடைய மறையாக்கத்தையும் உடைக்க வேண்டியதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.